சிங்கப்பூரில் சட்ட நிறுவன இன்டர்ன்ஷிப்பைப் பயிற்சி ஒப்பந்தமாக மாற்றுவது எப்படி?

கேட்டவர் மூன்றாம் ஆண்டு சட்ட மாணவர். மே மாதம் ஒரு நடுத்தர நிறுவனத்தின் வழக்குப் பிரிவில் நாலு வார இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. மதிப்பெண் சுமார்தான், குடும்பத்தில் வக்கீல் யாரும் இல்லை, அங்கே எப்படிக் கவனத்தை ஈர்த்துப் பயிற்சி ஒப்பந்தம் (வழக்கறிஞராகும் முன் செய்ய வேண்டிய பயிற்சிக்கான இடம்) வாங்குவது, கிடைத்தால் உடனே சரி சொல்ல வேண்டுமா என்கிறார். நானும் வழக்குப் பிரிவுதான். சில வருடங்களாக இன்டர்ன்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும், அவர்கள் போன பிறகு பார்ட்னருக்கு (நிறுவனத்தின் பங்குதாரரான மூத்த வழக்கறிஞருக்கு) அவர்களைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்புவதும் என் தலையில்தான் விழுகிறது. அந்த நாலு வரியில் என்ன எழுதுகிறோம் என்பதைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

முதலில், கவனத்தை ஈர்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். கூட்டத்தில் கெட்டிக்காரத்தனமாகக் கேள்வி கேட்பது, பார்ட்னரோடு லிஃப்டில் பேச்சுக் கொடுப்பது, இரவு ஒன்பது மணி வரை சும்மா உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் யார் நினைவிலும் நிற்பதில்லை. நாங்கள் பார்ப்பது ஒன்றே ஒன்று: உங்களிடம் கொடுத்த வேலையை நான் மறுபடி செய்ய வேண்டியிருந்ததா? செய்ய வேண்டியிருந்தால் நீங்கள் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் எனக்குச் சுமைதான். செய்யத் தேவையில்லாமல் அப்படியே எடுத்துக்கொள்ள முடிந்தால், உங்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி நானே பார்ட்னரை நச்சரிப்பேன்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 பார்ட் பி (வழக்கறிஞராகச் சேர எழுதும் தேர்வு) தொகுதியிலிருந்து பயிற்சிக் காலம் ஒரு வருடம் ஆகிவிட்டது. அதற்கு முன்பு ஆறு மாதம்தான். ஆறு மாதம் என்றால் ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம் என்று நிறுவனங்கள் நினைத்தன. ஒரு வருடம் முழுக்கச் சம்பளம் கொடுத்து, மேற்பார்வைக்கு ஒரு வழக்கறிஞரையும் ஒதுக்க வேண்டும் என்றால் யோசிக்கத்தான் செய்வார்கள். பார்ட்னர் எங்களிடம் கேட்பதும் 'இந்தப் பிள்ளை ஒரு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்தால் உனக்குச் சரியா?' என்றுதான். கவனியுங்கள், கேட்பது பார்ட்னர், பதில் சொல்வது மூன்று நாலு வருட அனுபவமுள்ள அசோசியேட், அதாவது பார்ட்னருக்குக் கீழே வேலை பார்க்கும் என்னைப் போன்ற வழக்கறிஞர். மாணவர்கள் பலர் பார்ட்னரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அசோசியேட்டை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். ஓர் உதாரணம், விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். எங்கள் கட்சிக்காரர் ஒரு கட்டுமானத் துணை ஒப்பந்தக்காரர். வேலை தாமதமானதால் பிரதான ஒப்பந்தக்காரர் ஒப்பந்தத்தில் உள்ளபடி நாளொன்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பணத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த ஷரத்து உண்மையான இழப்பை மதிப்பிட்டு எழுதியதா, வெறும் தண்டத்தொகையா என்று பார்க்கச் சொல்லி வெவ்வேறு சமயத்தில் இரண்டு இன்டர்ன்களிடம் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்வியைக் கொடுத்திருக்கிறேன்.

ஒருவர் ஒன்பது பக்கம் கொண்டுவந்தார். 1915இல் பதிவான டன்லப் வழக்கில் தொடங்கி வரலாறு முழுவதும் இருந்தது. 2015இல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் கேவண்டிஷ் வழக்கில் சோதனையை மாற்றியது, நியாயமான வணிக நலன் இருந்தால் ஷரத்து செல்லும், ஆகவே நமக்குப் பாதகம் என்று முடித்திருந்தார். அழகான ஆங்கிலம். ஆனால் பயனில்லை. 2020இல் டெங்கா வழக்கில் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேவண்டிஷைப் பின்பற்ற மறுத்து, சிங்கப்பூரில் டன்லப் சோதனைதான் (தொகை உண்மையான இழப்பின் முன்மதிப்பீடா என்று பார்ப்பது) என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதாவது ஒன்பது பக்கத்தின் முடிவு இந்த ஊருக்குப் பொருந்தாது. இங்கிலாந்தில் படித்துவிட்டு வருபவர்கள் குறிப்பாக இந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் படித்த ஆங்கிலச் சட்டத்தை இங்கே கொண்டுவரும் முன், நம் நீதிமன்றம் அதை ஏற்றதா என்று லாநெட் சட்டத் தரவுத்தளத்தில் ஒரு முறை தேடிவிடுங்கள்.

இன்னொருவர் கொண்டுவந்தது ஒன்றரைப் பக்கம். முதல் வரியிலேயே பதில்: வாதிட இடமிருக்கிறது, ஆனால் ஓர் ஆவணம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த பத்தியில் டெங்கா, எந்தப் பத்தி எண் என்பது உட்பட. அதற்கடுத்து எங்கள் ஒப்பந்தத்தின் ஷரத்தை அப்படியே எடுத்துப் போட்டு, வேலையில் தொண்ணூறு சதவீதம் முடிந்திருந்தாலும் பத்து சதவீதம் முடிந்திருந்தாலும் ஒரே தொகைதான் என்பதைச் சுட்டிக்காட்டியிருந்தார். ஒப்பந்தம் போட்ட சமயத்தில் அந்தத் தொகை எப்படி வந்தது என்பதற்கு மின்னஞ்சல் ஏதாவது கட்சிக்காரரிடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: கட்டுமானத் தொழில் பணம் செலுத்தல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தீர்ப்பாளரிடம் போகும் உரிமை வந்தால் விண்ணப்பிக்க 7 நாள்தான் கிடைக்கும், அந்தத் தேதியைக் குறித்துவைத்திருக்கிறோமா? அந்தத் தேதி என் காலண்டரில் ஏற்கெனவே இருந்தது. இருந்தாலும், கேட்காத இடத்தில் கண் போன ஆள் என்பது தெரிந்துவிட்டது. அந்தக் குறிப்பின் இரண்டாம் பத்தி பெரிய மாற்றமில்லாமல் கட்சிக்காரருக்குப் போன கடிதத்தில் இடம்பெற்றது. நாலு வரியில் நான் என்ன எழுதியிருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டு பேருக்கும் அறிவில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாமவர் வேலையை வாங்கிக்கொள்ளும்போதே இரண்டு நிமிடம் நின்று, நாம் எந்தப் பக்கம், இது கடிதத்துக்கா அஃபிடவிட்டுக்கா, எப்போது வேண்டும், எத்தனை பக்கம் போதும் என்று கேட்டுக்கொண்டார். தொந்தரவு செய்கிறோமோ என்று பயந்து பலர் இதைக் கேட்பதில்லை. கேளுங்கள். வேலையின் நடுவில் அரை மணிக்கு ஒரு முறை வந்து கேட்பதுதான் தொந்தரவு. சந்தேகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே தடவையாக வாருங்கள். கெடு தவறும் என்று தெரிந்தால் தவறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாலை ஆறு மணிக்குத் தர வேண்டியதை முடியாது என்று ஆறு மணிக்கே வந்து சொன்னால் அன்றிரவு அதைச் செய்வது நான்தான்.

வரைவு எழுதச் சொன்னால் நிறுவனத்தின் பழைய கோப்பிலிருந்து மாதிரி எடுப்பீர்கள். தப்பில்லை, நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் தேதியைப் பாருங்கள். நீதிமன்ற விதிகள் 2021 நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரல் 1 அன்று. அதோடு வழக்கைத் தொடங்கும் ரிட் போய் ஒரிஜினேட்டிங் கிளைம் வந்தது, வழக்குத் தொடுப்பவரான பிளெயின்டிஃப் கிளெய்மன்ட் ஆனார். 2019ஆம் ஆண்டுக் கோப்பைப் பார்த்து எழுதி, உள்ளே அங்கங்கே பிளெயின்டிஃப் என்று விட்டுவைத்தால் அதைத் தேடித் தேடித் திருத்துவது யார்? மறுபடியும் நான்தான்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயன்படுத்தக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 2024இல் உச்ச நீதிமன்றப் பதிவாளர் வெளியிட்ட சுற்றறிக்கை, பயன்படுத்தலாம், ஆனால் தாக்கல் செய்யும் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு உங்களுடையதே என்கிறது. நிறுவனத்தில் என்ன அனுமதி என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கட்சிக்காரரின் ஆவணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் ஏற்றிவிடாதீர்கள். தீர்ப்பைத் திறந்து படிக்காமல் எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். இல்லாத வழக்கு ஒன்று உங்கள் குறிப்பில் இருந்தது தெரிந்தால், அதோடு அந்த இன்டர்ன்ஷிப் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

செக்ரட்டரிகள், கிளார்க்குகள் விஷயத்தில் சிலர் கோட்டை விடுகிறார்கள். நீதிமன்றத்தின் இலிட்டிகேஷன் இணையத் தளத்தில் தாக்கல் செய்வது, ஆவணக் கட்டுகளுக்குப் பக்க எண் போடுவது, எந்தப் பதிவகம் எதைத் திருப்பி அனுப்பும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எங்களுக்கே தெரியாது. இருபது வருடமாகப் பார்ட்னரோடு இருக்கும் செக்ரட்டரி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் 'அந்தப் பையன் சரியில்லை' என்று சொன்னால் என் நாலு வரி எடுபடாது.

தமிழ் தெரியும் என்று தன்விவரக் குறிப்பில் எல்லாரும் போடுகிறார்கள். அது உண்மையிலேயே உதவும் இடம் உண்டு. வேலையிடத்தில் கை நசுங்கிய கட்டுமான ஊழியர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக் காயம் இழப்பீட்டுச் சட்டத்தின் வழியில் போவதா, சிவில் வழக்குப் போடுவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். விருத்தாசலத்துத் தமிழில் 'சூப்பர்வைசர் ஏறுன்னாரு, ஏறுனேன்ணே' என்று அவர் சொல்வதில் வழக்குக்குத் தேவையான முழு விஷயமும் இருக்கும். அவரை 'நீங்க உட்காருங்கண்ணே' என்று உட்காரவைத்து, ஏணி எந்தப் பக்கம் இருந்தது, கீழே யார் பிடித்திருந்தார்கள் என்று பொறுமையாகக் கேட்டு வாங்கும் இன்டர்னை எந்தக் குழுவும் விடாது. அதே சமயம் அஃபிடவிட்டுக்கு அதிகாரபூர்வமாக மொழிபெயர்ப்பது வேறு வேலை, அதற்குத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த எல்லையை நீங்களாகவே சொன்னால் இன்னும் நல்லது.

கட்சிக்காரர் பெயரை வெளியே சொல்லாதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு லாவ் பா சாட் உணவங்காடியில் சாப்பிட்டுக்கொண்டே அதைத்தான் பேசுவார்கள். ராஃபிள்ஸ் பிளேஸ் சுற்றுவட்டாரத்தில் பக்கத்து மேசையில் எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. வேறு நிறுவனத்தின் நேர்காணலில் 'போன இன்டர்ன்ஷிப்பில் என்ன செய்தாய்' என்று கேட்பார்கள்; நீங்கள் எவ்வளவு சொல்கிறீர்கள் என்பதையும் அங்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சட்டப் பிரச்சினையைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள்.

சரி, எல்லாம் நன்றாகப் போகிறது, வாய்ப்பு தானாக வருமா? சில சமயம் வரும். பெரும்பாலும் கேட்டால்தான் வரும். நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம், வேலையைச் செய்தால் பெரியவர்கள் பார்த்துக் கொடுப்பார்கள் என்றே பழகியிருக்கிறோம். மூன்றாவது வாரத்தில் உங்களுக்கு வேலை கொடுக்கும் அசோசியேட்டிடம் தனியாகப் போய், இதுவரை கொடுத்ததில் எதை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். கடைசி வாரத்துக்குள் அதை மாற்றிக் காட்டுங்கள். மூன்றாவது வாரம் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், கடைசி நாளில் கேட்டால் 'எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு' என்ற பதில்தான் வரும். அதன் பிறகு பார்ட்னரிடம் ஐந்து நிமிடம் நேரம் வாங்கி நேராகவே சொல்லுங்கள்: இந்தக் குழுவில் பயிற்சி ஒப்பந்தம் செய்ய விரும்புகிறேன், விண்ணப்பம் எப்போது, யாருக்கு அனுப்ப வேண்டும்? அவ்வளவு போதும். சில இடங்களில் மனிதவளப் பிரிவு வழியாகத்தான் எல்லாம் நடக்கும். அப்படியென்றாலும் பார்ட்னருக்கு உங்கள் விருப்பம் தெரிந்திருப்பது வேறு. ஐந்து இடத்தில் இன்டர்ன்ஷிப் செய்த பிள்ளைக்கு எந்த இடம் பிடித்தது என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆலன் அண்ட் கிளெட்ஹில், ட்ரூ அண்ட் நேப்பியர், ராஜா அண்ட் டான், வோங்பார்ட்னர்ஷிப் போன்ற பெரிய நிறுவனங்களில் அதற்கு எடை அதிகம், மறைப்பதற்கில்லை. நடுத்தர, சிறிய நிறுவனங்களில் உங்களோடு வேலை பார்த்த அனுபவம் அதை ஈடுகட்டும். பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் இருக்கும் சின்ன அலுவலகங்களை இளக்காரமாக நினைக்காதீர்கள். அரசு நீதிமன்றங்கள் நடக்கும் தூரம், குற்றவியல், குடும்ப வழக்குகளில் பயிற்சியாளர் நீதிமன்ற வேலையை மிக அருகிலிருந்து பார்ப்பது அங்கேதான். வெளிநாட்டு நிறுவனங்களின் சிங்கப்பூர்க் கிளையில் இன்டர்ன்ஷிப் என்றால், அவர்களால் இங்கே பயிற்சி ஒப்பந்தம் கொடுக்க முடியுமா என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் வெளிநாட்டுப் பட்டதாரிகள் பார்ட் ஏ (வெளிநாட்டில் படித்தவர்கள் பார்ட் பிக்கு முன் எழுதும் தேர்வு) எப்போது எழுதப்போகிறீர்கள், பார்ட் பி எந்த ஆண்டு என்று தேதியோடு விண்ணப்பத்தில் எழுதுங்கள். அது தெரியாமல் உங்களை எந்த ஆண்டுக்கு எடுப்பது என்று நிறுவனத்துக்குப் புரியாது.

இடம் கிடைத்துவிட்டால் உடனே சரி சொல்ல வேண்டுமா என்ற கடைசிக் கேள்விக்கு: கடிதத்தில் பதில் சொல்லக் கெடு போட்டிருக்கும். இன்னொரு நிறுவனத்தின் முடிவுக்காகக் காத்திருந்தால் அதைச் சொல்லியே ஒரு வாரம் கூடுதலாகக் கேட்கலாம், கேட்டதற்காக யாரும் வாய்ப்பைத் திரும்ப வாங்கியதை நான் பார்த்ததில்லை. ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு வேறு இடத்துக்குத் தாவுவது மட்டும் வேண்டாம். அந்தப் பார்ட்னரும் நீங்கள் தாவப்போகும் இடத்துப் பார்ட்னரும் பெரும்பாலும் ஒரே வகுப்பில் படித்தவர்களாக இருப்பார்கள்.