சேவைக் குழுவுக்கு ஒரு கருப்பொருள்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயாவுக்கு,

தோத்திரம். எங்கள் திருச்சபையின் சேவைக் குழுவுக்கு இந்த ஆண்டு நான் செயலராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். வீட்டைவிட்டு வெளியே வர இயலாத முதியோரைச் சந்திப்பது, மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையிருப்போருக்கு உணவு கொண்டுசெல்வது, பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தருவது ஆகியவை எங்கள் பணிகள். தொடக்கத்தில் திரளாக வருகிறவர்கள் சில மாதங்களிலேயே குறைந்துபோகிறார்கள். உற்சாகமூட்டும் ஒரு கருப்பொருள் இருந்தால் நிலைமை மாறும் என்று கமிட்டியில் எல்லோரும் நினைக்கிறோம். “எழும்பிப் பிரகாசி” (ஏசாயா 60:1), “நன்மைசெய்கிறதில் சோர்ந்துபோகாமல் இருப்போமாக” (கலாத்தியர் 6:9), “ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து” (கலாத்தியர் 6:2) என்ற மூன்று வசனங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், மூன்றாவதைச் சொல்வேன். ஆனால் அந்த முடிவைவிட, அதற்கு நான் வைத்துப் பார்த்த சோதனை உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று நம்புகிறேன். நீங்கள் யாருக்குச் சேவை செய்கிறீர்களோ அவருடைய கட்டிலருகே நின்று, அந்தக் கருப்பொருளை அவர் காதில் விழும்படி உங்களால் வாசிக்க முடியுமா? வாசித்தால் அவர் மனம் குன்றாமல் இருக்குமா?

“எழும்பிப் பிரகாசி” என்ற வசனத்தை இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள். எழுந்து உட்காரவும் இயலாத ஒரு மூதாட்டியின் முன் அது எப்படி ஒலிக்கும்? ஒளி நம்மிடம் இருப்பதாகவும் இருள் அவரிடம் இருப்பதாகவும் ஒரு பாகுபாடு, நாம் எண்ணாமலேயே அங்கே வந்துவிடுகிறது. உண்மையில் ஏசாயாவின் அந்த வார்த்தை, உதவி செய்யப் புறப்பட்டவர்களுக்குச் சொல்லப்பட்டதன்று. இடிந்து, கைவிடப்பட்டுக் கிடந்த சீயோனை, அதாவது எருசலேம் நகரைப் பார்த்து, உன் ஒளி வந்தது என்று சொல்லப்பட்ட ஆறுதல் அது. அந்த மூதாட்டியிடம் போய் அவருக்காக வாசிக்க வேண்டிய வசனத்தை நம் குழுவின் பதாகையில் நமக்காக எழுதிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது வசனம் நல்லது. எனினும், சோர்ந்துபோனவரிடம் சோர்ந்துபோகாதே என்று ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தால், அவர் குற்ற உணர்வினால் இன்னும் சில வாரங்கள் வருவார்; பிறகு முகம் கொடுக்கவே கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார்.

“ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து” என்பதில் சுமக்கிறவர் எப்போதும் சுமக்கிறவராகவே இருப்பதில்லை. பவுல் இதைக் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்குத் தங்களுக்குள் நடந்துகொள்ள வேண்டிய முறையாக எழுதுகிறார். கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் மறுபக்கம் என்ற பிரிவு அங்கே இல்லை. யோவான் 13ஆம் அதிகாரத்தில், சீஷர்களின் கால்களைக் கழுவ வந்த இயேசுவிடம், “நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது” என்று பேதுரு மறுக்கிறார். பிறருக்காக எதையும் செய்ய ஆயத்தமாயிருந்த ஒருவருக்கு, பிறர் தமக்குச் செய்வதை ஏற்றுக்கொள்வது எவ்வளவு கடினமாயிருந்தது என்பதை அந்த இடம் காட்டுகிறது. சேவைக் குழுக்களில் உழைக்கும் பலருக்கும் இந்தக் கடினம் உண்டு. தங்கள் வீட்டுத் துயரத்தைக் குழுவில் சொல்லாமல் மறைத்துக்கொண்டு, பிறர் துயரத்தைச் சுமக்கப் போகிறார்கள். ஒருநாள் முடியாமல் நின்றுவிடுகிறார்கள். உங்கள் குழுவில் ஆட்கள் குறைவதற்கு இதுவும் ஒரு காரணமா என்று மெதுவாக விசாரித்துப் பாருங்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தி விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறுமுறுக்கிறார்கள். அப்போஸ்தலர்கள் அந்த முறுமுறுப்பைக் கேட்டு, சபையாரைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் செய்து, அவர்களிடம் வேலையை ஒப்படைக்கிறார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்களாக இருப்பது என்னை எப்போதும் நெகிழவைக்கும். குறை சொன்னவர்களின் தரப்பிலிருந்தே பொறுப்பாளர்கள் வந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். ஆகவே கமிட்டி கூடி வாக்கெடுப்பதற்கு முன், நீங்கள் சந்திக்கும் முதியோரிடமும், மருத்துவமனையில் காத்திருப்போரிடமும், பிள்ளைகளின் தாய்மாரிடமும், அவர்களுக்கு எது உண்மையில் பாரமாயிருக்கிறது என்று கேளுங்கள். உணவைவிட, இரவில் ஒரு மணி நேரம் கண்ணயர்வதற்குத் துணை ஒன்று வேண்டும் என்று ஒருவர் சொல்லக்கூடும். அதைக் கேட்டபின் தேர்ந்தெடுக்கும் கருப்பொருளில் ஒரு முகம் இருக்கும்.

ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் சபைகளில் ஆண்டுக்கு ஒரு வசனம் தெரிந்தெடுக்கும் வழக்கம் 1930இல், இளைஞர் ஊழியத்தில் இருந்த ஓட்டோ ரீத்முல்லர் என்ற போதகரால் தொடங்கிற்று. அரசியல் கோஷங்கள் இளைஞரை இழுத்துக்கொண்டிருந்த அந்நாளில், அவற்றுக்கு எதிர்நிற்கும் வசனமாக, “கிறிஸ்துவின் சுவிசேஷத்தைக்குறித்து நான் வெட்கப்படேன்” என்ற ரோமர் 1:16 முதலில் எடுக்கப்பட்டது. அந்தத் தலைமுறையை நெருக்கிய ஒன்றுக்கு அது நேரான பதிலாக இருந்தது. உங்கள் குழுவினரை நெருக்குவது என்ன? நேரமின்மையா, நோயாளி முன் என்ன பேசுவது என்ற தயக்கமா, தனியே போக வேண்டியிருப்பதா? பதில் தெரிந்தால் வசனம் தானே தெரியவரும்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எந்த வசனமும் ஏற்பாட்டின் குறையை ஈடுசெய்யாது. இயேசு தம் பன்னிருவரை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்று மாற்கு 6:7 சொல்கிறது; நீங்களும் அப்படியே அனுப்புங்கள். ஒரே வீட்டிற்கு ஒரே இருவர் தொடர்ந்து போகட்டும். மாதக் கூட்டத்தில் எத்தனை வீடு சென்றோம் என்ற கணக்கோடு, இம்மாதம் நம்முள் யாருடைய பாரத்தை யார் தாங்கினார் என்பதையும் பேசுங்கள். சந்திக்கச் சென்ற முதியவரிடம், எங்கள் பிள்ளைகளின் பரீட்சைக்காக நீங்கள் ஜெபிப்பீர்களா என்று கேளுங்கள். பதாகை அச்சிடுவதைச் சில மாதங்கள் தள்ளிவையுங்கள். முதலில் கலாத்தியர் 6ஆம் அதிகாரம் முழுவதையும் குழுவாக வாசியுங்கள். உங்கள் இரண்டாவது வசனமும் அங்கேயே இருக்கிறது.