மலை ஏறாதீர்கள், அடிவாரத்தில் தங்குங்கள்

கேள்வி: சீர்காழியில் வாழ்ந்த என் அம்மாவுக்கு 71 வயது. அப்பா போன பிறகு டெல்லியில் என்னோடு இருக்கிறார். குளிர்காலம் வந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, புகையில் இருமல் வேறு. “ஒரு வாரம் வெயில்ல உட்காரணும்டி, பச்சையா எதையாவது பாக்கணும்” என்கிறார். ஜனவரியில் 10 நாள் விடுப்பு கிடைக்கும். கூட்டமில்லாத, இதமான ஊர் எது? மூணாறு, தேக்கடி என்று தோழிகள் சொல்கிறார்கள். – வாசகி, புதுடெல்லி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் அம்மா கேட்டது வெயில். மூணாற்றில் ஜனவரியில் கிடைப்பது குளிர். மலைக்கு மேலே போகாமல், அந்த மலையின் அடிவாரத்தில் தங்குங்கள் என்பேன். தேனி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கைத்தான் சொல்கிறேன். தேக்கடிக்குப் போகிறவர்கள் கார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் இடம் அது. எனக்கு அதில் எப்போதும் வருத்தம்தான்.

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல். உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பகுதியில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. ஜனவரிக் கடைசியில் சீர்காழிப் பக்கம் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருக்கும். இங்கேயோ இரண்டாம் போகப் பயிர் பச்சையாக நிற்கும். டெல்டாக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஐப்பசி, கார்த்திகை மழையும் ஓய்ந்திருக்கும். பகலில் 28, 30 டிகிரி. காலையில் ஒரு சால்வை போதும்.

எப்போது போவது என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரஜோதி வரை சபரிமலைக்குப் போகும் வண்டிகள் ஏராளமாக இந்தச் சாலையில் வரும். கம்பத்திலிருந்து கேரள எல்லை ஊரான குமுளிக்கு ஏறும் வழி திணறிவிடும். ஜனவரி 20-க்குப் பிறகு கிளம்பினால் சாலை அமைதியாகிவிடும், அறையும் எளிதாகக் கிடைக்கும்.

டெல்லியிலிருந்து மதுரைக்கு நேரடி ரயில்கள் இருக்கின்றன. அவ்வளவு நேரம் உட்கார அம்மாவுக்கு முடியாதென்றால் சென்னைக்கு விமானத்தில் வந்து ஒருநாள் ஓய்வெடுங்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து வாரத்தில் 3 நாள் போடிநாயக்கனூருக்கு இரவு ரயில் போகிறது. காலையில் தேனியில் இறங்கலாம். அகலப்பாதை வேலைக்காகப் பத்தாண்டுக்கு மேல் ரயிலே இல்லாமல் கிடந்த பாதை அது. 2023-இல்தான் போடி வரை மறுபடி ஓடத் தொடங்கியது. தேனியிலிருந்து கம்பம் சுமார் 40 கிலோமீட்டர்.

கம்பம் பேருந்து நிலையத்தை ஒட்டியோ நெடுஞ்சாலையைப் பார்த்தோ அறை எடுக்காதீர்கள். இரவெல்லாம் லாரிச் சத்தம். கூடலூர், சுருளிப்பட்டி, உத்தமபாளையம் பக்கம் தோப்புக்குள் தங்கும் வீடுகள் உள்ளன. முன்பதிவு செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: தரைத்தள அறையா, வெந்நீர் வருமா, கிழக்குப் பார்த்த திண்ணையோ வாசலோ இருக்கிறதா. மூன்றாவதுதான் முக்கியம். அம்மாவின் காலைப் பொழுது முழுக்க அங்கேதான் கழியப்போகிறது.

அந்தக் காலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சூரியன் மேகமலைக்குப் பின்னாலிருந்து ஏறுவதால் முதல் வெளிச்சம் நம்மீது விழாது, எதிரே இருக்கும் மேற்கு மலையின் உச்சியில் விழும். பிறகு மெல்ல மெல்லச் சரிவில் இறங்கி வயலுக்கு வரும். அதற்கு முன்பே, இருட்டோடு இருட்டாக, தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் ஜீப்பில் ஏறியிருப்பார்கள். எல்லை தாண்டி இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்கள். எல்லை இவர்களுக்குத் தினமும் இரண்டு முறை கடக்கும் சாலை. அம்மாவோடு அவர்களைப் பேசவிடுங்கள். டெல்லியில் தமிழில் பேச ஆளில்லாமல் இருந்திருப்பார், நாள் போவதே தெரியாது.

நடக்க முடிகிற நாளில் திராட்சைத் தோட்டம் பாருங்கள். தலைக்கு மேல் பந்தல், கைக்கெட்டும் உயரத்தில் கருங்குலைகள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். மருந்து அடித்திருப்பார்கள், அதனால் நன்றாகக் கழுவாமல் ஒரு பழம்கூட வாயில் போட வேண்டாம்.

ஒருநாள் குமுளி மலையின் அடியில் இருக்கும் லோயர் கேம்ப் போய் வாருங்கள். தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர் பெரிய குழாய்களில் மின்நிலையத்துக்கு இறங்குவதைக் கீழிருந்தே பார்க்கலாம். 1895-இல் முல்லைப்பெரியாறு அணையை முடித்த ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபமும் அங்கேதான். அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி இந்தப் பள்ளத்தாக்கில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். வயலைப் பார்த்துவிட்டு அங்கே போனால் ஏன் என்று அம்மாவுக்கே புரியும். யானை நடமாட்டமுள்ள காடு, ஆகவே இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

கூடலூரில் நின்று மலை முகட்டை அம்மாவுக்குக் காட்டுங்கள். எல்லைக்கோட்டின்மேல் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமி ஒருநாள் மட்டுமே போக அனுமதி. மதுரையை எரித்த பிறகு கண்ணகி வந்து நின்ற மலை இதுதான் என்பது ஊர் நம்பிக்கை. சீர்காழிக்குப் பக்கம்தானே பூம்புகார்! தன் ஊர்ப் பெண் நடந்து முடித்த இடத்தை அவர் தூரத்திலிருந்தாவது பார்க்கட்டும்.

சுருளி அருவிக்கு வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். கொஞ்சம் நடக்க வேண்டும், பாறையும் வழுக்கும். தை அமாவாசையன்று தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் நெரியும், அன்றைக்கு வேண்டாம். மேகமலையை இந்த முறை விட்டுவிடுங்கள். வளைவுகளும் அதிகம், மேலே குளிரும்.

குமுளி ஆசை இருந்தால் ஒரு நடுப்பகலில் ஏறி, ஏலக்காயும் மிளகும் வாங்கி, சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடலாம். பத்தடி நடந்தால் பெயர்ப்பலகைகள் மலையாளத்துக்கு மாறுவதை அம்மா ரசிப்பார். படகுச் சவாரிக்காக வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

கிளம்பும் முன் டாக்டரிடம் இருமலைக் காட்டி, மருந்துகளைப் பத்து நாளுக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அவசரமென்றால் கம்பத்தில் அரசு மருத்துவமனையும், தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. அப்புறம், ஸ்வெட்டரையும் காலுறையையும் பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள். திரும்பி டெல்லியில் இறங்கும்போது முதலில் தேடுவது அவற்றைத்தான்.