பாட்டிலில் ‘211’ என்று இருந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, எடை 20 கிலோ. பள்ளி விட்டு வந்ததும் ஆரஞ்சு பானம் கேட்டு அடம்பிடிக்கிறாள். பாட்டிலில் ‘ஐஎன்எஸ் 211’ என்று இருக்கிறது. அது புற்றுநோயை உண்டாக்கும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. உண்மையா, டாக்டர்? சில நாட்களில் அவளுக்கு உடலெங்கும் அரிப்பும் தடிப்பும் வருகின்றன.

பதில்: பயம் வேண்டாம் அம்மா. ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான சர்வதேச எண் முறை. அதில் 211 என்பது சோடியம் பென்சோயேட். பானம், ஜாம், தக்காளி சாஸ், ஊறுகாய் போன்ற புளிப்புள்ள உணவுகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்க்கிறார்கள். கல்லீரல் இதை ஹிப்யூரிக் அமிலமாக மாற்றிவிடும். ஒரு நாளுக்குள் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். உடலில் தேங்காது. ரத்தத்தில் அம்மோனியா ஏறும் அரிய பிறவிக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு இதையே மருந்தாகவும் கொடுக்கிறோம்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் சொன்ன வரம்பு, எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். உங்கள் மகளுக்கு 100 மில்லிகிராம். லிட்டருக்கு 150 மில்லிகிராம் கலந்த பானமென்றால், 200 மில்லி டம்ளரில் இருப்பது 30 மில்லிகிராம்தான்.

புற்றுநோய்ப் பேச்சு எங்கிருந்து வந்தது? பென்சோயேட்டும் வைட்டமின் சி-யும் ஒரே பானத்தில் இருந்து, வெயிலும் சூடும் பட்டால், மிகச் சிறிதளவு பென்சீன் உருவாகலாம். பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். கடை வாசலில் பெட்டி பெட்டியாக வெயிலில் காயும் பாட்டில்களை வாங்காதீர்கள். வாங்கியதைக் காருக்குள் விட்டுவிடவும் வேண்டாம்.

என் கவலை வேறு. அந்த ஒரு டம்ளரில் சுமார் 20 கிராம் சர்க்கரை, அதாவது நான்கு தேக்கரண்டி இருக்கக்கூடும். தினமும் என்றால் பல்லும் கெடும், எடையும் கூடும். 211 இல்லாத பாட்டிலைத் தேடி வாங்கினாலும் இது மாறாது. தினசரிப் பழக்கத்தை எப்படியாவது நிறுத்துங்கள். மோரோ பழமோ கொடுங்கள்.

தடிப்பைத்தான் நான் அலட்சியப்படுத்த மாட்டேன். குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் வைரஸ் தொற்றால் வருவது. ஆனால் சிலருக்குப் பென்சோயேட்டும் அரிப்பையோ மூச்சிரைப்பையோ தூண்டும். இரண்டு வாரம் பானம், சாஸ், ஜாம் மூன்றையும் நிறுத்திவிட்டு, தடிப்பு வந்த நாளையும் அன்று சாப்பிட்டதையும் நோட்டில் எழுதுங்கள். இருமல் மருந்து சிரப்புகள் பலவற்றிலும் இது உண்டு. கொடுத்திருந்தால் அதையும் குறியுங்கள். அந்த நோட்டோடு குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். உதடு, கண்ணிமை வீங்கினாலோ மூச்சு திணறினாலோ இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.