காய்ச்சல் குழந்தையை எமர்ஜென்சிக்கு எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்?

கேள்வி: எனக்கு இரண்டு வயதில் ஒரு பையன், ஆறு வாரத்தில் ஒரு பெண் குழந்தை. போன வாரம் ராத்திரி பையனுக்கு 103 டிகிரி காய்ச்சல், இரண்டு முறை வாந்தி. பயந்துபோய் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடினோம். மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். கடைசியில் ‘வைரஸ் காய்ச்சல்தான்’ என்று பாராசிட்டமால் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாங்கள் போனது தேவையில்லாத வேலையா? அடுத்த முறை எதைப் பார்த்து முடிவு செய்வது? அங்கே போனால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் போனது தப்பே இல்லை. இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘ஒன்றுமில்லை’ என்று ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட பெற்றோர், அடுத்த முறை நிஜமாகவே போக வேண்டிய நேரத்தில் தயங்கி நிற்பதைக் குழந்தைகள் அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்தத் தயக்கம்தான் எனக்குக் கவலை.

ஆனால் அன்று ராத்திரி உங்களைக் கிளப்பியது தெர்மாமீட்டரில் தெரிந்த எண். இரண்டு வயதுப் பையனைப் பொறுத்தவரை அந்த எண் மட்டும் அதிகம் சொல்லாது. 103 டிகிரி என்பது 39.4 செல்சியஸ். சாதாரண வைரஸ் தொற்றிலேயே சின்னக் குழந்தைகளுக்கு அவ்வளவு ஏறும். காய்ச்சல் மூளையைப் பாதித்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சாதாரணத் தொற்றால் வரும் காய்ச்சல் அப்படிச் செய்வதில்லை. (பூட்டிய காருக்குள் இருந்து சூடேறிய குழந்தையின் கதை வேறு, அது உடனடி ஆபத்து.) இன்னொரு பக்கம், 101 டிகிரியோடு வரும் குழந்தை மோசமான நிலையில் இருப்பதும் உண்டு.

ஆகவே பையனுக்கு மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து அவனைப் பாருங்கள். சூடு கொஞ்சம் தணிந்ததும் எழுந்து உட்காருகிறான், பொம்மையைக் கேட்கிறான், தண்ணீர் குடிக்கிறான் என்றால் விடியும்வரை வீட்டிலேயே கவனிக்கலாம். சூடு தணிந்த பிறகும் துவண்டு கிடக்கிறான், கூப்பிட்டால் கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறான் என்றால் கிளம்புங்கள். மருந்துக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்பதாலேயே நோய் சின்னது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடுமையான பாக்டீரியா தொற்றிலும் பாராசிட்டமாலுக்குக் காய்ச்சல் இறங்கும்.

உங்கள் ஆறு வாரப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி, அதாவது 38 செல்சியஸ் தொட்டாலே அவசரப் பிரிவுதான். சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி, பால் குடித்தாலும் சரி, நடுராத்திரி என்றாலும் சரி. அந்த வயதில் எதிர்ப்புச் சக்தி இன்னும் முதிரவில்லை. ரத்தத்தில் கிருமி பரவியிருந்தாலும் வெளியே காட்டுவதற்கு அந்த உடம்பில் அறிகுறிகள் குறைவு, காய்ச்சல் ஒன்றே ஒரே தடயமாக இருக்கலாம். அதனால்தான் ரத்தம், சிறுநீர், சில சமயம் முதுகுத்தண்டு நீர் வரை பரிசோதிப்பார்கள். டாக்டர் பார்ப்பதற்கு முன் அவளுக்கு நீங்களாகக் காய்ச்சல் மருந்து கொடுக்காதீர்கள். உடம்பு வழக்கத்தைவிடச் சில்லென்று ஆகி, 36 செல்சியஸுக்குக் கீழே போய், பாலையும் மறுத்தால் அதுவும் காய்ச்சலுக்குச் சமமான எச்சரிக்கை.

சரி, எதைப் பார்ப்பது? குழந்தை மருத்துவத்தில் எங்களுக்கு ஒரு முக்கோணம் சொல்லிக்கொடுப்பார்கள்: குழந்தையின் தோற்றம், மூச்சு, தோலின் நிறம். ஸ்டெதஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்பே, வாசலில் நின்றபடி அரை நிமிடத்தில் பார்த்துவிடுவது. இதை வீட்டில் நீங்களும் பார்க்கலாம்.

தோற்றம் என்றால் அவன் உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, தூக்கினால் அழுகை அடங்குகிறதா, அழுகையில் பலம் இருக்கிறதா என்பது. பலமாக அழுது, கையைத் தட்டிவிட்டு, மருந்தைத் துப்புகிற குழந்தை உங்களைக் களைப்படையச் செய்யலாம், எனக்கு அது நிம்மதி. சத்தமில்லாமல், எதிலும் நாட்டமில்லாமல், துணி மாதிரி தோளில் சரிந்து கிடக்கும் குழந்தையைப் பார்த்தால்தான் நான் எழுந்து ஓடுவேன்.

மூச்சைக் கொஞ்சம் நிதானமாகவே பாருங்கள், பெற்றோர் கண்ணில் படாமல் போவது பெரும்பாலும் இதுதான். அவன் அழாமல் இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையைக் கழுத்துவரை ஏற்றிவிட்டு நல்ல வெளிச்சத்தில் வயிற்றையும் நெஞ்சையும் கவனியுங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது சரிவராது, குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது: இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 இருந்தால் அது வேகமான மூச்சு. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது மூச்சு சற்று வேகமாகத்தான் இருக்கும், எனவே சூடு தணிந்ததும் இன்னொரு முறை எண்ணுங்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியம், மூச்சுவிட அவன் படும் பாடு. விலா எலும்புகளுக்கு நடுவிலும், விலாவுக்குக் கீழேயும், தொண்டைக் குழியிலும் ஒவ்வொரு மூச்சுக்கும் தோல் உள்ளே இழுக்கிறதா? மூக்குத் துவாரம் விரிகிறதா? மூச்சை வெளியே விடும்போது ‘ம்ம்’ என்று முனகல் கேட்கிறதா? கைக்குழந்தையின் தலை மூச்சோடு சேர்ந்து ஆடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம். அமைதியாக இருக்கும்போதே மூச்சை உள்ளிழுக்கையில் கரகரவென்று சத்தம் வருவது, எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிவது இரண்டும் தொண்டை அடைபடுவதைக் காட்டலாம். அப்படிப்பட்ட குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள், வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள். அவனுக்கு வசதியான நிலையிலேயே மடியில் உட்கார வைத்துக் கூட்டிவாருங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, கருத்த தோலில் வெளுப்பும் நீலமும் கன்னத்தில் தெரியாது. உதடு, நாக்கு, உள்ளங்கை, நகம் இவற்றைப் பாருங்கள். உடம்பில் சிவப்பாகவோ ஊதாவாகவோ புள்ளிகள் வந்திருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அதன்மேல் அழுத்தி, கண்ணாடி வழியாகவே பாருங்கள். சாதாரணத் தடிப்பு அழுத்தத்தில் மங்கிவிடும். மங்காமல் அப்படியே தெரிந்தால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். காய்ச்சலோடு அப்படிப்பட்ட புள்ளி இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

அப்புறம் வாந்தி. இரண்டு முறை வாந்தி எடுத்த இரண்டு வயதுப் பையனுக்கு நான் கேட்கும் முதல் கேள்வி: கடைசியாக எப்போது சிறுநீர் போனான்? எட்டு மணி நேரமாக டயப்பர் காய்ந்தே இருக்கிறது, அழுதால் கண்ணீர் இல்லை, வாய் ஒட்டுகிறது, கண் குழிவிழுந்திருக்கிறது, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்ளே போயிருக்கிறது என்றால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது. அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே வீட்டில் ஓஆர்எஸ் தொடங்கிவிடலாம். தாகத்தில் குழந்தை கேட்கிறதே என்று டம்ளரோடு கொடுத்தால் அத்தனையும் திரும்பி வரும். சின்ன ஸ்பூனால் 5 மில்லி, ஓரிரு நிமிடம் விட்டு இன்னொரு 5 மில்லி. பொறுமை வேண்டும், ஆனால் இப்படிக் கொடுத்தே டிரிப்ஸைத் தவிர்த்த குழந்தைகள் ஏராளம். வாந்தி பச்சை நிறத்தில் வந்தால் மட்டும் ஓஆர்எஸ்ஸோடு உட்கார்ந்திருக்காதீர்கள். முக்கியமாகக் கைக்குழந்தைகளில் அது குடல் முறுக்கிக்கொண்டதன் அடையாளமாக இருக்கலாம், அறுவை சிகிச்சை தேவைப்படும். காலை மடக்கி வீறிட்டு அழுது, சற்று ஓய்ந்து, மறுபடி வீறிட்டு அழும் குழந்தையும், மலத்தில் ரத்தம் போகும் குழந்தையும் இதே அவசரம்தான்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால்? ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நூறில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு இது வருகிறது. பார்க்க உயிரே போய்விடும் போலிருக்கும், பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். சீக்கிரம் நின்றுவிட்டாலும், முதல் முறை என்றால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். நேரத்துக்கு மருந்து கொடுத்திருந்தால் வலிப்பே வந்திருக்காது என்று தங்களையே நொந்துகொள்ளும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: காய்ச்சல் மருந்து இந்த வலிப்பைத் தடுப்பதில்லை.

காய்ச்சலே இல்லாமலும் ஓட வேண்டிய சில இருக்கின்றன. ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் போதும், உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அது திசுவை அரிக்கத் தொடங்கிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத் துண்டுகளை விழுங்கியது, மருந்தையோ மண்ணெண்ணெயையோ குடித்தது இவற்றில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்து வாருங்கள். தலையில் அடிபட்டு நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது, ஆண் குழந்தைக்கு விரையில் திடீரென்று கடும் வலி, புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் இவையும் அப்படியே. ஐந்து நாளாகியும் விடாத காய்ச்சலுக்கு நடுராத்திரி ஓட்டம் தேவையில்லை, ஆனால் ஒரு டாக்டர் கட்டாயம் பார்த்தாக வேண்டும்.

உதடு நீலம் பாரித்தாலோ, எழுப்பினாலும் விழிக்காவிட்டாலோ, வலிப்பு நிற்காவிட்டாலோ சொந்த வண்டியை எடுக்காதீர்கள். ஆம்புலன்ஸில் வழியிலேயே ஆக்சிஜன் கிடைக்கும். மற்ற நேரங்களில் வண்டி ஓட்டுபவர் ஒருவர், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் என்று இருவராகக் கிளம்புங்கள்.

கையில் இருக்க வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. தடுப்பூசி அட்டை, கொடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகள், ஒரு மாற்றுத்துணி. குழந்தையின் எடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எங்கள் மருந்துக் கணக்கு எல்லாமே எடையை வைத்துத்தான். பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 12 கிலோ பையனுக்கு 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது ஏழரை மில்லி, 250 உள்ளதில் 3.6 மில்லி. சொட்டு மருந்து அதைவிட அடர்த்தி. அதனால் ‘ஒரு மூடி கொடுத்தேன்’ என்றால் எங்களுக்குப் புரியாது, பாட்டிலைக் காட்டி, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். வரும் முன் மருந்து கொடுத்தால் காய்ச்சல் தெரியாமல் போய்விடுமோ என்று மூன்று மாதம் தாண்டிய குழந்தையைத் தவிக்க விட வேண்டாம். வீட்டில் வலிப்போ மூச்சிழுப்போ வந்தபோது யாராவது போனில் வீடியோ எடுத்திருந்தால் அது எங்களுக்குப் பெரிய உதவி.

இனி உங்கள் மூன்று மணி நேரம். அவசரப் பிரிவில் வந்த வரிசையில் பார்ப்பதில்லை, யாருக்கு ஆபத்து அதிகமோ அவரை முதலில் பார்ப்பார்கள். வாசலிலேயே நர்ஸ் மூச்சு, நாடி, நினைவு பார்த்துத் தரம் பிரிப்பதற்கு டிரையேஜ் என்று பெயர். மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரில் உள்ள குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில், குழந்தைகளை வந்ததுமே இப்படித் தரம் பிரித்து அவசர சிகிச்சை தொடங்கும்படி ஏற்பாட்டை மாற்றினார்கள். அனுமதிக்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினெட்டு வரை இருந்த இறப்பு, ஆறு முதல் எட்டாகக் குறைந்தது. உங்களைக் காத்திருக்க வைத்தார்கள் என்றால், அந்த நிமிடத்தில் உங்கள் பையன் தாங்குவான் என்று ஒருவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்று பொருள்.

ஆனால் அந்த மதிப்பீடு அந்த நிமிடத்துக்கு மட்டும்தான். காத்திருக்கும்போது மூச்சு மோசமானால், குழந்தை துவண்டால், புதிதாகப் புள்ளி வந்தால், கூப்பிடட்டும் என்று இருக்காமல் எழுந்துபோய் நர்ஸிடம் சொல்லுங்கள். ‘ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறோம்’ என்பதைவிட ‘வந்தபோது பேசிக்கொண்டிருந்தான், இப்போது எழுப்பினால் விழிக்கவில்லை’ என்று மாற்றத்தைச் சொன்னால் உடனே திரும்பிப் பார்ப்பார்கள். தயங்க வேண்டாம். சிகிச்சையில் இருக்கும் நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தார் கருதினால் இன்னொரு மருத்துவக் குழுவை வரவழைத்துப் பார்க்கச் சொல்லும் உரிமையை இங்கிலாந்து 2024 முதல் ‘மார்த்தா விதி’ என்ற பெயரில் மருத்துவமனைகளில் கொண்டுவந்தது. உங்கள் குழந்தை வழக்கமாக எப்படி இருப்பான் என்பது அந்த அறையில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

உள்ளே போனதும் அவனை மடியிலேயே வைத்துக்கொண்டு பரிசோதிக்க முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் முடியும். ஊசி போடும் நேரத்தில் ‘வலிக்கவே வலிக்காது’ என்று சொல்லாதீர்கள். ‘கொஞ்சம் வலிக்கும், அம்மா பிடித்துக்கொள்கிறேன்’ என்றால் அடுத்த ஊசிக்கும் அவன் உங்களை நம்புவான். கைக்குழந்தைக்கு ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுத்தால் வலி குறைவாகத் தெரியும்.

வீட்டுக்கு அனுப்பும்போது ‘வைரஸ்தான்’ என்பதோடு கிளம்பிவிடாதீர்கள். எத்தனை நாளில் சரியாகும், எதைப் பார்த்தால் உடனே திரும்பி வர வேண்டும், எதுவும் இல்லாவிட்டாலும் மறுபடி எப்போது காட்ட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் வெறும் சளியாகத் தெரிந்தது மூன்றாம் நாள் நிமோனியாவாக மாறியிருக்கலாம், முதல் நாள் பார்த்த டாக்டருக்கு அது தெரிய வழியில்லை. திரும்பி வர நேர்ந்தால் முதல் தடவை கொடுத்த சீட்டைக் கொண்டுவாருங்கள். அன்றைய எடை, மூச்சு, நாடித்துடிப்பு எல்லாம் அதில் இருக்கும், இரண்டு நாளில் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் ஒப்பிட்டுப் பார்ப்போம்.