ஒரே செட்டாப் பாக்ஸ், இரண்டு டிவி: கேள்வி பதில்

வேளச்சேரி வாசகர்: ஹாலில் ஒரு செட்டாப் பாக்ஸ் இருக்கிறது. படுக்கையறைக்குப் புதிதாக வாங்கிய டிவிக்கு இன்னொரு பாக்ஸ் வேண்டும் என்றும், அதற்கு மாதாமாதம் தனிக் கட்டணம் என்றும் கேபிள்காரர் சொல்கிறார். வேறு வழி இல்லையா, ஐயா?

வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு செட்டாப் பாக்ஸ் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் திறந்து கொடுக்கும். இரண்டு டிவியிலும் ஒரே சேனல் ஓடினால் போதும் என்றால், அந்தப் பாக்ஸின் படத்தையே ஒரு வயர் இழுத்து இரண்டாவது அறைக்குக் கொண்டுபோய்விடலாம், செலவு ஒருமுறைதான். ஹாலில் சீரியலும் அறையில் கிரிக்கெட்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்றால், சிக்னலை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் எந்த ஸ்ப்ளிட்டரும் உதவாது. கடைக்காரர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இந்த இரண்டில் எது தேவை என்று முடிவு செய்த பிறகு கடைக்குப் போவது நல்லது.

திருவல்லிக்கேணி வாசகர்: முன்பெல்லாம் கேபிள் வயரையே இரண்டாகப் பிரித்து இரண்டு டிவிக்கும் கொடுத்தோம், வெவ்வேறு சேனல் பார்த்தோம். இப்போது அப்படிக் கொடுத்தால் ஏன் படம் வருவதில்லை?

அந்தக் காலத்தில் எல்லாச் சேனல்களும் அனலாக் முறையில், பூட்டில்லாமல் வந்தன. டிவிக்குள் இருக்கும் டியூனரே அவற்றைப் பிரித்தெடுத்தது. கட்டணச் சேனல்களுக்குப் பாக்ஸ் கட்டாயம் என்ற முறை இந்தியாவில் முதலில் நடைமுறைக்கு வந்தது நம் சென்னையில்தான், 2003 செப்டம்பர் 1 அன்று. அப்போதும் இலவசச் சேனல்கள் பாக்ஸ் இல்லாமல் தெரிந்தன. பிறகு நான்கு பெருநகரங்களும் முழுவதுமாக டிஜிட்டலுக்கு மாற 2012 அக்டோபர் 31 கெடுவாக வைக்கப்பட்டது. சென்னையில் வழக்குகளால் அது இழுத்துக்கொண்டே போனது. இப்போது வயரில் வருவது பூட்டப்பட்ட சிக்னல். அதைத் திறக்கும் அனுமதி உங்கள் பெயரில் பதிவான பாக்ஸுக்கு மட்டுமே உண்டு. எனவே இரண்டாவது டிவிக்கு வயர் போய்ச் சேர்ந்தாலும் அதனிடம் சாவி இல்லை.

இதில் இன்னொரு பாதிப்பும் உண்டு. பழைய இருவழி ஸ்ப்ளிட்டர் இன்னும் சுவரில் மாட்டியிருந்தால், ஒவ்வொரு கிளைக்கும் சுமார் மூன்றரை டெசிபல் குறைந்துதான் சிக்னல் போகும். அதாவது பாதிக்கும் கீழே. ஹால் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், பயன்படாத அந்த ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு வயரை நேராகப் பாக்ஸில் செருகிப் பாருங்கள். பல வீடுகளில் கோளாறு அதோடு தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அம்பத்தூர் வாசகி: எச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டர் வாங்கி மாட்டினேன். ஒரு டிவியில் படம் வருகிறது, இன்னொன்றில் கறுப்புத் திரை. பொருள் பழுதா, அண்ணா?

பெரும்பாலும் பழுதாக இருக்காது, அம்மா. எச்.டி.எம்.ஐ. என்பது பாக்ஸின் படமும் ஒலியும் ஒரே வயரில் டிவிக்குப் போகும் இணைப்பு. முதலில், மின்சார இணைப்பு இல்லாத, ஒய் வடிவில் பிரியும் வெறும் வயரை வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது ஸ்ப்ளிட்டர் அல்ல, ஒரே நேரத்தில் இரண்டு டிவிக்கும் அதில் உருப்படியாகப் படம் வராது. அடாப்டரோடு வரும் சிறிய பெட்டிதான் வேண்டும். அதன் ஒரு பக்கம் உள்ளே வரும் துளை ஒன்றும், மறுபக்கம் வெளியே போகும் துளை இரண்டும் இருக்கும். ஸ்விட்ச் என்று விற்கப்படும் பொருள் இதற்கு நேர்மாறானது. இரண்டு பாக்ஸை ஒரு டிவிக்குக் கொடுப்பது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் மாற்றி வாங்கி வருபவர்கள் அதிகம்.

பெட்டி சரியாக இருந்தும் திரை கறுப்பாக இருந்தால், காரணம் பெரும்பாலும் இரண்டு டிவிகளின் திறன் வேறுபாடுதான். ஹாலில் 4கே டிவி, அறையில் 720 வரிசை வரை மட்டுமே காட்டக்கூடிய பழைய 24 அங்குல டிவி என்றால், பாக்ஸ் பெரிய டிவிக்கு ஏற்ற படத்தை அனுப்பும். சின்ன டிவிக்கு அது புரியாது. பாக்ஸின் செட்டிங்ஸில் படத்தின் அளவைத் தானியங்கி நிலையிலிருந்து எடுத்து, இரண்டு டிவியும் ஏற்கும் 720 அல்லது 1080-இல் நிலையாக வைத்துவிடுங்கள். பிறகு இரண்டு டிவியையும் போட்டுவிட்டு, ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் கொடுத்து, பாக்ஸைக் கடைசியாக ஆன் செய்யுங்கள். எச்.டி.சி.பி. என்ற, படத்தை நகலெடுக்க விடாமல் தடுக்கும் பூட்டைச் சரிபார்க்கும் வேலை பாக்ஸ் ஆன் ஆகும்போது நடப்பதால் இந்த வரிசைக்குப் பலன் உண்டு.

புளியந்தோப்பு வாசகர்: பரணில் 14 அங்குல அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி நல்ல நிலையில் இருக்கிறது. அதைச் சமையலறையில் வைத்துக்கொள்ள முடியுமா?

தாராளமாக. இதற்கு ஸ்ப்ளிட்டரே வேண்டாம். பாக்ஸின் பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளைக்குப் பக்கத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளோ, ஹெட்போன் துளை போன்ற ஒரு சிறிய ஏ.வி. துளையோ இருக்கும். பெரும்பாலான பாக்ஸ்களில் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் படம் வெளியே வருகிறது. பெரிய டிவிக்கு எச்.டி.எம்.ஐ., பழைய டிவிக்கு ஏ.வி. வயர், அவ்வளவுதான். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. டிவியில் ஒரே ஒலித் துளை இருந்தால் வெள்ளையை மட்டும் செருகினால் போதும். 2006-இல் தொடங்கி வீடு வீடாக வந்த அந்த டிவிகளில் பல இன்றும் தளராமல் ஓடுகின்றன. அவற்றைப் பழைய சாமானுக்குப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொளத்தூர் வாசகர்: கீழ்த்தளத்தில் பாக்ஸ், மாடி அறையில் நடமாட முடியாத என் தாயார். வயர் இருபது மீட்டருக்கு மேல் ஆகும். சேனல் மாற்ற ஒவ்வொரு முறையும் யாராவது கீழே ஓட வேண்டுமா?

இதே நிலை என் வீட்டிலும் இருந்தது. சாதாரண எச்.டி.எம்.ஐ. வயர் பத்து மீட்டர் வரை நம்பகமாக வேலை செய்யும். அதற்கு மேல் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னத் தொடங்கும், பிறகு படம் அடிக்கடி நின்றுபோகும். இருபது மீட்டருக்கு எக்ஸ்டெண்டர் என்ற இரட்டைப் பெட்டியை வாங்குங்கள். ஒன்று பாக்ஸ் அருகிலும் மற்றொன்று டிவி அருகிலும் இருக்கும். இடையில் இன்டர்நெட்டுக்குப் போடும் கேட்-6 வயர் ஓடும். வாங்கும்போது ரிமோட் சிக்னலையும் திருப்பி அனுப்பும் வகையாகக் கேளுங்கள். அதில் மொச்சைக் கொட்டை அளவில் இரண்டு கண்கள் மெல்லிய வயரில் தொங்கும். ஒன்றை அம்மாவின் டிவிக்குக் கீழே ஒட்டுங்கள். மற்றொன்றைப் பாக்ஸின் முகப்பில், அதன் ரிமோட் கண்ணுக்கு நேராக ஒட்டுங்கள். நேராக ஒட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் அரை அங்குலம் தள்ளி ஒட்டிவிட்டு, பொருளே சரியில்லை என்று இரண்டு நாள் அலைந்தேன். படுத்தபடியே அம்மா தானாக சேனல் மாற்றிக்கொண்ட அந்த மாலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கூடுதலாக ஒரு ரிமோட் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். புளூடூத் ரிமோட் உள்ள பாக்ஸுக்கு இந்த முறை பொருந்தாது.

திருவான்மியூர் வாசகி: எங்களுக்கு வேறு வேறு சேனல்தான் வேண்டும். மாதக் கட்டணமே இல்லாத வழி உண்டா?

பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கும் செலவு மட்டும்தான், சந்தா கிடையாது. டிடி தமிழ் உள்ளிட்ட தூர்தர்ஷன் சேனல்களும் செய்திச் சேனல்களும் கிடைக்கும். ஆனால் ஹிந்தி சேனல்களே மிகுதி. பெரிய தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்களை எதிர்பார்த்து இதை வாங்காதீர்கள். செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் இருப்பதால், சென்னையிலிருந்து டிஷ் தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தை நோக்க வேண்டும். இவ்வளவு மேலே பார்ப்பதால் பக்கத்து அடுக்குமாடி மறைக்கும் தொல்லை குறைவு.

கடற்கரையோரம் இருக்கிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். உப்புக் காற்றில் வயரின் முனையில் உள்ள செம்பு ஓராண்டிலேயே பச்சை பூத்துவிடுகிறது. மொட்டை மாடியில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பின் மீதும் ரப்பர் உறை போட்டு டேப் சுற்றச் சொல்லுங்கள்.

நல்ல இன்டர்நெட் இருந்தால், தமிழ்ச் செய்திச் சேனல்களில் பல யூடியூபில் நேரலையாக, இலவசமாக ஓடுகின்றன. 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய வேவ்ஸ் செயலியிலும் நேரலைச் சேனல்கள் உண்டு. கேபிளைவிடச் சில நொடிகள் தாமதமாக வரும்.

பெரம்பூர் வாசகர்: மாடியில் குடியிருப்பவருக்கு என் பாக்ஸிலிருந்து ஒரு வயர் கொடுத்து, பாதிப் பணம் வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. உங்கள் இணைப்பு உங்கள் குடும்பத்துக்கு உரியது. பதிவு செய்யாமல் கேபிள் சேவை நடத்துவது 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்துக்கு எதிரானது.

குரோம்பேட்டை வாசகர்: இரண்டாவது பாக்ஸே வாங்கிவிட்டால் நியாயமாக எவ்வளவு கொடுக்க வேண்டும்?

இதைப் பலர் கேட்பதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-இல் செய்த திருத்தத்தின்படி, 200 சேனல்கள் வரை அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு 130 ரூபாயாக, 18 சதவீத வரியோடு 153 ரூபாய் 40 காசாக இருந்தது. அதே வீட்டின் இரண்டாவது டிவிக்கு அதில் 40 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று இருந்தது, அதாவது 52 ரூபாய், வரியோடு 61 ரூபாய் 36 காசு. 2024 ஜூலையில் அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பை டிராய் எடுத்துவிட்டு, அதை நிர்ணயிக்கும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டது. எனவே இன்று உங்கள் நிறுவனம் இரண்டாவது இணைப்புக்கு என்ன கட்டணம் அறிவித்திருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். என் தந்தை வீட்டில் உள்ளூர் கேபிள்காரர் ஒருவர் இரண்டாவது பாக்ஸுக்கும் முழுத் தொகையைப் பதினொரு மாதம் வாங்கியிருந்தார். ரசீது கேட்ட மாதத்தில்தான் அது குறைந்தது. கட்டணச் சேனல்கள் எதுவும் வேண்டாம், இலவசச் சேனல்கள் மட்டும் போதும் என்று அந்த இணைப்புக்குச் சொல்லுங்கள். தொகை இன்னும் இறங்கும்.

அரசு கேபிள் பாக்ஸாக இருந்தால் அது நிறுவனத்தின் சொத்து. வீடு மாறும்போதோ இணைப்பை விடும்போதோ திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்குச் சான்று வாங்கி வையுங்கள்.

தி. நகர் வாசகி: ஸ்ப்ளிட்டரை ரிச்சி தெருவில் வாங்கலாமா? ஏமாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

வாங்கலாம். பாக்ஸையும் ரிமோட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடையில் இருக்கும் டிவியில் ஸ்ப்ளிட்டர் வழியாகப் பாக்ஸின் முகப்புத் திரையாவது வருகிறதா என்று இரண்டு துளையிலும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். பரிசோதிக்க விடாத கடையில் வாங்க வேண்டாம். இரண்டு கடை தள்ளிப் போனால் பரிசோதிக்க விடுவார்கள்.