கிரேட்ஃபுல் டெட்: எந்தக் கச்சேரியிலிருந்து தொடங்குவது?

வாசகர் கேள்வி: அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டைப் பற்றிப் பலரும் வியந்து பேசுகிறார்கள். கேட்டுப் பார்க்கலாம் என்று தேடினால் நூற்றுக்கணக்கான ஆல்பங்கள் வந்து நிற்கின்றன. பலவற்றுக்குத் தலைப்பே கிடையாது; ஓர் ஊர், ஓர் அரங்கு, ஒரு தேதி மட்டும்தான். முறையாகக் கேட்போம் என்று 1967-இல் வந்த முதல் ஆல்பத்தில் தொடங்கினேன். மூன்றாவது ஆல்பத்தோடு சலித்துவிட்டது. எங்கே தொடங்கினால் இந்தக் குழு பிடிபடும்? இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கச்சேரிப் பதிவுகளைக் கேட்பது திருட்டாகுமா?

பதில்: முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாக வருவது பெரும்பாலான குழுக்களுக்குச் சரியான வழி. இவர்களுக்கு அது பொருந்தாது. முப்பது ஆண்டுகளில் கிரேட்ஃபுல் டெட் ஸ்டூடியோவில் செய்த ஆல்பங்கள் 13. மேடையேறிய கச்சேரிகள் சுமார் 2,300. இந்தக் குழுவின் வரலாறு முழுவதும் அந்த இரண்டாவது எண்ணுக்குள் இருக்கிறது. உங்களுக்குத் தொல்லையாகத் தோன்றிய ஊர்ப் பெயரும் தேதியும்தான் இங்கே உண்மையான தலைப்புகள்.

நான் சொல்லும் வரிசை இது: முதலில் 1970-இன் ‘அமெரிக்கன் பியூட்டி’. அடுத்து ‘யூரோப் 72’. பிறகு 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரி. இவை மூன்றும் பழகிய பின் 1969-இன் ‘லைவ்/டெட்’. நீங்கள் கேட்டுச் சலித்த அந்த முதல் மூன்றையும் கடைசிக்கு ஒதுக்கிவையுங்கள். வரிசை ஏன் இப்படி என்பதற்குக் குழுவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1965-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ பகுதியில் ‘வார்லாக்ஸ்’ என்ற பெயரில் கூடியவர்கள் இவர்கள். ஜெர்ரி கார்சியா இசைக்கருவிக் கடை ஒன்றில் கிதார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பாஞ்சோவும் நாட்டார் இசையும் அவருடைய அடித்தளம். பிக்பென் என்று அழைக்கப்பட்ட ரான் மெக்கெர்னன், கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலேயே ஊறியவர். ஆர்கனும் மவுத் ஆர்கனும் வாசித்துப் பாடினார். இன்னொரு கிதார் வாசித்த பாப் வியர் பதினேழு வயதுப் பையன். ஃபில் லெஷ், நவீன ஐரோப்பிய இசையமைப்பாளர் லூச்சியானோ பெரியோவிடம் பாடம் கேட்டவர். குழுவில் சேரும்வரை பேஸ் கிதாரைத் தொட்டதே இல்லை. பில் கிராய்ட்ஸ்மன் டிரம்ஸ். 1967-இல் மிக்கி ஹார்ட் இரண்டாவது டிரம்ஸ் கலைஞராக வந்தார். பாடல் வரிகளுக்கு ராபர்ட் ஹன்டர். ஒருவர் வந்த வழியில் மற்றவர் வரவில்லை. மேடையில் ஒருவரையொருவர் கேட்டு, அந்தக் கணத்தில் பதில் சொல்லிக்கொள்வதில்தான் அவர்கள் ஒரே குழுவானார்கள். யாரும் எதிரில் இல்லாத ஸ்டூடியோ அறையில் அது நிகழ மறுத்தது.

‘டார்க் ஸ்டார்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் இசைத்தட்டாக வந்தபோது அது மூன்று நிமிடம்கூட இல்லை, யாரும் கண்டுகொள்ளவில்லை. மறு ஆண்டு பிப்ரவரி 27 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் அதே பாட்டு 23 நிமிடம் விரிந்தது. ‘லைவ்/டெட்’ ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதும் அதுதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நான் சொல்ல வருவது உங்களுக்கு விளங்கிவிடும்.

நீங்கள் நிறுத்திய மூன்றாவது ஆல்பம் ‘ஆக்ஸோமாக்ஸோவா’. பாதி வேலை முடிந்த நிலையில் 16 ஒலித்தடங்களைத் தனித்தனியே பதியும் கருவி புதிதாக வந்தது என்று எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவு நிறுவனத்திடம் பெருங்கடன் சேர்ந்தது. கடன் நெருக்கிய அந்தக் காலத்தில்தான் மேடையிலேயே பதிவு செய்த ‘லைவ்/டெட்’ வந்தது. அதையடுத்து 1970-இல் விரைவாகவும் சிக்கனமாகவும் முடித்த ‘வொர்க்கிங்மன்ஸ் டெட்’, ‘அமெரிக்கன் பியூட்டி’ இரண்டும் வந்தன. மூன்றுமே அவர்களுடைய சிறந்த ஆல்பங்கள்.

‘அமெரிக்கன் பியூட்டி’யை முதலில் வைக்கக் காரணம், அதில் நீண்ட வாசிப்பு எதுவும் இல்லை. மரக் கிதார்கள், மூவர் சேர்ந்து பாடும் குரல்கள், நான்கைந்து நிமிடப் பாட்டுகள். ‘பாக்ஸ் ஆஃப் ரெயின்’ லெஷ் போட்ட மெட்டு. அவருடைய தந்தை மரணப் படுக்கையில் இருந்த நாட்களில் உருவானது, வரிகள் ஹன்டருடையவை. ‘ரிப்பிள்’ வரிகளை ஹன்டர் லண்டனில் ஒரே பிற்பகலில், வேறு இரண்டு பாட்டுகளோடு சேர்த்து எழுதினார். பாட்டுகள் மனதில் உட்கார்ந்த பிறகுதான் அவற்றை மேடையில் என்ன செய்கிறார்கள் என்பதை ரசிக்க முடியும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே கச்சேரிகளுக்குப் போகிறவர்கள், அரை மணி நேர வாசிப்பில் திசை தெரியாமல் நின்றுவிடுகிறார்கள்.

கச்சேரிப் பட்டியலில் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே ஓர் அம்புக்குறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் பாட்டை நிறுத்தாமல் அடுத்ததற்குள் நுழைந்தார்கள் என்று அதற்குப் பொருள். குழுவின் உயிர் பெரும்பாலும் அந்தக் குறி இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. தனித்தனிப் பாட்டாகக் கலைத்துப்போட்டுக் கேட்காதீர்கள்.

இனி தேதிகளைப் பிரிக்கும் முறை. கீபோர்டில் யார் என்று பாருங்கள். காலம் தானாகத் தெரிந்துவிடும். 1960-களில் பிக்பென், சிறிது காலம் டாம் கான்ஸ்டன்டன் கூட இருந்தார். 1971 இறுதியிலிருந்து 1979 தொடக்கம்வரை பியானோவில் கீத் காட்ஷோ. அவருடைய மனைவி டோனா ஜீனின் குரலும் இந்த ஆண்டுகளில் சேர்கிறது. அதன் பின் 1990 வரை பிரென்ட் மிட்லண்ட். கடைசியில் வின்ஸ் வெல்னிக்; 1992 வரை புரூஸ் ஹார்ன்ஸ்பியும் உடன் வாசித்தார்.

காட்ஷோ காலமே இந்தக் குழுவின் பொற்காலம் என்பது என் உறுதியான கருத்து. அதிலும் 1972-க்கு ஈடில்லை. ஹார்ட் 1971-இல் விலகியிருந்தார். குழுவுக்கு மேலாளராக இருந்த அவருடைய தந்தை பணத்தைக் கையாடிய விவகாரம் அவரை நொறுக்கியிருந்தது. ஒரே டிரம்ஸோடு தாளம் இலகுவாகி, நினைத்த இடத்தில் திரும்பக்கூடியதாயிற்று. அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பாவில் 22 கச்சேரிகள். அவற்றிலிருந்து தொகுத்ததுதான் ‘யூரோப் 72’. குரல்களைப் பிறகு ஊருக்குத் திரும்பி மறுபடி பாடிச் சேர்த்தார்கள், அதனால் புதியவர் காதுக்குத் தெளிவாக இருக்கும். 22 கச்சேரிகளும் 2011-இல் 73 குறுந்தகடுகளாக வெளிவந்தன. அதை இப்போது தேடிப்போக வேண்டாம். நோயுற்றிருந்த பிக்பென்னின் கடைசிப் பெரும்பயணம் அது. 1973 மார்ச்சில், 27 வயதில் இறந்துபோனார்.

1972 ஆகஸ்ட் 27, ஓரிகன் மாநிலத்தில் வெனீட்டா. நாவலாசிரியர் கென் கீசியின் தம்பி நடத்திய பால்பொருள் நிறுவனம் கடனில் தத்தளிக்க, அதைக் காப்பாற்றத் திறந்தவெளியில் வாசித்தார்கள். கொளுத்தும் வெயில், கிதார் தந்திகள் சுருதி விலகிக்கொண்டே இருந்தன. ஆனாலும் அன்று வாசித்த ‘டார்க் ஸ்டார்’ போல நான் வேறொன்று கேட்டதில்லை. ‘சன்ஷைன் டேட்ரீம்’ என்ற பெயரில் 2013-இல் முறையாக வெளியானது. ‘லைவ்/டெட்’ பிடித்துவிட்டால் அடுத்த நாளே இதைக் கேளுங்கள்.

1974 பதிவுகளைக் கேட்கும்போது குரல்கள் மெலிந்து ஒலிக்கும். உங்கள் ஒலிபெருக்கியில் கோளாறு இல்லை. அந்த ஆண்டு ‘வால் ஆஃப் சவுண்ட்’ என்ற பிரம்மாண்டமான ஒலியமைப்போடு பயணம் செய்தார்கள். குழுவின் ஒலிப் பொறியாளர் ஔஸ்லி ஸ்டான்லியின் கனவு அது. சுமார் 75 டன் எடை. கலைஞர்களுக்குப் பின்னாலேயே ஒலிபெருக்கிச் சுவர் எழும்பி நின்றதால், அந்த ஒலி மைக்குக்குள் புகுந்து அலறாமல் இருக்க ஒவ்வொரு பாடகருக்கும் எதிரெதிராக இணைத்த இரண்டு மைக்குகள் வைத்தார்கள். இரண்டிலும் ஒரே மாதிரி விழும் ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு மைக்கில் மட்டும் பாடும் குரல் தப்பும். தப்பியது கொஞ்சம் ஒடுங்கித்தான் தப்பியது. கருவிகளின் ஒலியோ கண்ணாடிபோல இருக்கும். செலவு தாங்காமல் அந்த ஆண்டு அக்டோபரில் பயணங்களை நிறுத்தி, 1976 ஜூனில்தான் மறுபடி சாலைக்கு வந்தார்கள்.

இப்போது கார்னெல். 1977 தொடக்கத்தில் ‘டெராபின் ஸ்டேஷன்’ ஆல்பத்துக்காகத் தயாரிப்பாளர் கீத் ஓல்சன் இவர்களைக் கண்டிப்போடு ஒத்திகை பார்க்க வைத்திருந்தார். இரண்டு டிரம்ஸும் (ஹார்ட் திரும்பி வந்திருந்தார்) ஒரே உடலாக அடித்தன. அந்தக் கட்டுக்கோப்போடு மே 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் இதாகாவில், பார்டன் ஹால் என்ற பல்கலைக்கழக விளையாட்டரங்கில் வாசித்தார்கள். இரண்டாம் பகுதியின் தொடக்கத்திலிருந்து கேளுங்கள். ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ பாட்டு முடிந்த பிறகு வாசிப்பு தளராமல் சுழன்றுகொண்டே இருக்கும். எந்த நொடியில் அது ‘ஃபயர் ஆன் தி மவுன்டன்’ ஆனது என்று சுட்டிக்காட்ட முடியாது; டோனா ஜீனின் குரல் மேலே மிதந்திருக்க, லெஷின் பேஸ் கீழே புதிய பாட்டின் இரண்டே ஸ்வரப் படிகளில் வந்து அமர்ந்திருக்கும். இந்த இணைப்பு அப்போது இரண்டு மாதம்கூட ஆகாத புதுச் சரக்கு. முதல் முறை கார்சியாவைப் பின்தொடருங்கள். இரண்டாவது முறை வியரை மட்டும் கேளுங்கள். சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை (கார்டு) வெறுமனே மீட்டாமல், ஜாஸ் பியானோ கலைஞர் மக்காய் டைனரின் இடது கையைப் பின்பற்றி இடையிடையே செருகும் சின்னச் சின்ன வடிவங்கள்தான் மற்றவர்களைத் தாங்குகின்றன. பலர் பல ஆண்டுகள் கேட்டும் கவனிக்காத வாசிப்பு அது.

இறுதியில் ‘மார்னிங் டியூ’. அணுப்போருக்குப் பின் எஞ்சிய உலகைப் பற்றிக் கனடாப் பாடகி பானி டாப்சன் எழுதிய பாட்டு. முணுமுணுப்பாகத் தொடங்கி, கடைசி நிமிடங்களில் கார்சியாவின் கை வேகம் கூடிக் கூடித் தந்திகள் முழுவதும் அதிர்கிற இடத்துக்குப் போய்ச் சேரும். தயவுசெய்து பாதியில் நிறுத்தாதீர்கள்.

இந்தப் பதிவு நமக்குக் கிடைத்ததே பெரும் அதிர்ஷ்டம். பதிவு செய்தவர் குழுவின் ஒலிப் பொறியாளர் பெட்டி கேன்டர் ஜாக்சன். வாடகைக் கிடங்கில் இருந்த அவருடைய நாடாக்கள், வாடகை கட்டப்படாததால் 1986-இல் ஏலம் போயின. வாங்கியவர்கள் மூலம் பிரதிகள் பரவி, கார்னெல் புகழ்பெற்றது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2012-இல் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. முறையான வெளியீடு வந்தது 2017-இல்தான். தன் காது எவ்வளவு நுட்பமானது என்பதை ஒவ்வொரு கருவிக்கும் கொடுத்திருக்கும் இடத்தில் பெட்டி காட்டிவிட்டார். அவர் பெயரை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

1980-களை விரைந்து கடக்கலாம். கார்சியா போதைப் பழக்கத்தில் தேய்ந்தார். 1986 ஜூலையில் நீரிழிவால் நினைவிழந்து கிடந்தார். எழுந்த பின் கிதாரைப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. 1987-இல் ‘டச் ஆஃப் கிரே’ அமெரிக்கத் தரவரிசையில் 9-ஆம் இடத்தைத் தொட்டது. முப்பது ஆண்டுகளில் முதல் பத்துக்குள் வந்த ஒரே பாட்டு. கூட்டம் பெருகி விளையாட்டு மைதானங்கள் நிரம்பின. இந்தக் காலத்தில் ஒன்று மட்டும் கேட்பதென்றால் 1990 மார்ச் 29, நியூயார்க் மாநிலத்தின் நாசோ கொலீசியம் அரங்கு. ஜாஸ் சாக்சஃபோன் கலைஞர் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் விருந்தினராக வந்து வாசித்த ‘ஐஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ அதில் இருக்கிறது. நான்கு மாதத்தில் மிட்லண்ட் இறந்தார். கார்சியா 1995 ஆகஸ்ட் 9-இல் மறைந்தார். கிரேட்ஃபுல் டெட் என்ற பெயரும் அத்தோடு நின்றது. எஞ்சியவர்கள் வேறு வேறு பெயர்களில் தொடர்ந்து வாசித்தார்கள். அவற்றுள் 2015-இல் தொடங்கிய ‘டெட் அண்ட் கம்பெனி’ பெரியது. அதைக் கேட்பது பின்னால் இருக்கட்டும்.

தாளத்தில் நாட்டம் உள்ளவர் என்றால் ‘லைவ்/டெட்’டில் ‘தி இலெவன்’ பாட்டைத் தவறவிடாதீர்கள். பதினோரு எண்ணிக்கைத் தாளம். 3, 3, 3, 2 என்று கையில் போட்டுப் பார்க்கலாம். தபலா மேதை அல்லா ரக்காவிடம் மிக்கி ஹார்ட் கற்ற பாடங்களின் சாயல் இது. அதே ஹார்ட் 1991-இல் செய்த ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் ஜாகிர் உசேனோடு கடம் வாசித்திருப்பவர் நம் விக்கு விநாயக்ராம். உலக இசை ஆல்பத்துக்கான கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டது அதற்குத்தான்.

கடைசியாக, திருட்டா என்ற கேள்வி. இல்லை. ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்வதையும் பரிமாறிக்கொள்வதையும் குழுவே அனுமதித்தது. 1984 அக்டோபரிலிருந்து பதிவு செய்வோருக்குத் தனி இடமும் தனி டிக்கெட்டும் ஒதுக்கினார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் உள்ளவை அப்படிச் சேர்ந்தவை. அங்கே ‘சவுண்ட்போர்டு’ என்றிருந்தால் அரங்கின் ஒலிக்கலவைக் கருவியிலிருந்து நேராக எடுத்தது. பெரும்பாலும் தளத்திலேயே கேட்க மட்டும்தான் முடியும். ‘ஆடியன்ஸ்’ என்றால் கூட்டத்தில் மைக் வைத்து எடுத்தது, இறக்கிக்கொள்ளலாம். ‘மேட்ரிக்ஸ்’ இரண்டும் கலந்தது. அரங்கின் ஆரவாரமும் வேண்டும், தெளிவும் வேண்டும் என்பவர்களுக்கு உகந்தது. காசு கொடுத்து வாங்க நினைத்தால், 2012 முதல் வெளிவரும் ‘டேவ்ஸ் பிக்ஸ்’ வரிசையில் நீங்கள் விரும்பும் ஆண்டைப் பார்த்து எடுங்கள். இலவசப் பதிவைத் தகட்டில் ஏற்றி யாராவது விற்றால் வாங்காதீர்கள். பணம் பண்ணக் கூடாது என்பதுதான் அந்த அனுமதியோடு குழு வைத்த நிபந்தனை.