தொப்பி போட்டால் பிச்சிப்பூ வைக்க முடியாதா?

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள்: "அக்கா, நாகர்கோவிலில் டிகிரி முடித்துவிட்டேன், அடுத்த மாதம் காலேஜில் கிராஜுவேஷன் டே. எனக்கு இடுப்பு வரைக்கும் சுருட்டை முடி, அடர்த்தியும் அதிகம். தோழிகள் எல்லோரும் அயர்ன் பண்ணி விரித்துப் போடப்போகிறார்கள். அம்மாவோ ஒற்றைச் சடை பின்னிப் பிச்சிப்பூ வைத்தே ஆகவேண்டும் என்கிறார். போன வருடம் சீனியர் அக்கா ஒருத்திக்கு மேடையிலேயே தொப்பி நழுவி விழுந்ததைப் பார்த்தேன், அதிலிருந்து பயமாக இருக்கிறது. வீட்டிலிருந்து பஸ்ஸில்தான் போவேன். என்ன பண்ணட்டும்?"

முதலில் ஒன்றை விசாரித்துக்கொள். எல்லாக் கல்லூரியிலும் தொப்பி கொடுப்பதில்லை. சில இடங்களில் கவுனும் தோளில் போடும் ஹூடும் மட்டும்தான். தொப்பியே இல்லையென்றால் அம்மா ஆசைப்படி எப்படி வேண்டுமானாலும் அலங்கரித்துக்கொண்டு போகலாம். தொப்பி உண்டு என்றால் மேலே படி.

அந்தத் தொப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாதி விஷயம் தானாகப் புரிந்துவிடும். தலையில் பதிகிற கிண்ணம் மாதிரி ஒரு பகுதி, அதன்மேல் பக்கத்துக்கு ஒன்பது, ஒன்பதரை அங்குலம் இருக்கிற சதுரப் பலகை. அந்தப் பலகை தாம்பாளம் வைத்ததுபோலத் தரைக்கு நேராக நிற்கவேண்டும், தொப்பியின் முன்விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் வரவேண்டும். ஐரோப்பாவில் பாதிரியார்கள் அணிந்த பைரெட்டா தொப்பியின் வழியில் வந்தது இது என்பார்கள். முடியைக் குட்டையாக வெட்டிய ஆண்களின் தலைக்காகப் பிறந்த சாமான், நம் ஊர்ப் பெண்பிள்ளைகளின் இடுப்பு வரை தொங்கும் முடியை மனதில் வைத்துச் செய்ததே இல்லை. அதனால் முன்நெற்றியிலிருந்து உச்சந்தலை வழியாகப் பின்மண்டை மேடு வரைக்கும் உன் தலையில் எதுவுமே இருக்கக்கூடாது. பஃப் கூடாது, உச்சிக் கொண்டை கூடாது, உயரத்தில் கட்டும் போனிடெயில் கூடாது, கல் வைத்த கிளிப்கூட கூடாது. அலங்காரம் எல்லாம் காதுக்குக் கீழே.

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தக்கலையில் பார்லர் தொடங்கிய புதிதில் ஒரு பிள்ளைக்கு முன்பக்கம் பஃப் தூக்கி, பின்னால் சுருள் சுருளாக விட்டு, ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்து அழகாகச் செய்து அனுப்பினேன். தொப்பி போடுவாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள், தொப்பி பிடரிப் பக்கமாகச் சரிந்து நிற்கிறது, ஒரு கையில் சான்றிதழ், இன்னொரு கையால் தொப்பியைப் பிடித்திருக்கிறாள். வீட்டில் மாட்டி வைக்கிற படம் அது. எனக்கு இப்போதும் அது வலிக்கிறது. அன்றிலிருந்து கிராஜுவேஷன் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி தொப்பி உண்டா என்பதுதான்.

சரி, விரித்துப் போடுவது. கோரை முடி, தோள் வரைதான் இருக்கிறது என்றால் தாராளமாக விரித்துப் போடலாம், தொப்பிக்கு அழகாகவே இருக்கும். உனக்கு வேண்டாம் என்பேன். அயர்ன் பண்ணும்போது சூட்டில் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போய், ஆறும்போது நேராக மறுபடி சேர்கின்றன. அதனால்தான் முடி நீண்டு நிற்கிறது. ஆனால் ஈரம் பட்டால் அதே பிணைப்புகள் மறுபடி விட்டுப்போகும், முடி தன் பழைய சுருளுக்கே திரும்பும். தண்ணீர் ஊற்றவேண்டும் என்றில்லை, காற்றிலிருக்கும் ஈரமே போதும். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது, நீயோ கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறாய். காலை ஆறு மணிக்கு அயர்ன் பண்ணிய முடி பஸ்ஸில் நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் வேர்ப்பக்கம் சுருண்டு, நுனி மட்டும் நேராக நிற்கும். போதாததற்குக் கறுப்பு கவுன், கூட்டம், வியர்வை. இடுப்பு வரை விரிந்த முடி ஹூடுக்குள் சிக்கினால் வெளியே எடுக்கப் பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடவேண்டியிருக்கும்.

அம்மா சொல்லும் ஒற்றைச் சடைதான் உனக்குச் சரி, என் தீர்ப்பு அதுதான். சடை தொடங்கும் இடம் மட்டும் மாறவேண்டும். வழக்கமாக அம்மாமார் இறுக்கமாக இருக்கட்டும் என்று பின்மண்டையிலேயே ரப்பர் பேண்ட் போட்டுப் பின்னத் தொடங்குவார்கள், அந்த முடிச்சு தொப்பியின் பின்விளிம்பை மேலே தள்ளும், பலகை முன்னால் கவிழும். உனக்குப் பிடரியில், கவுன் கழுத்துக்குக் கொஞ்சம் மேலே தொடங்கவேண்டும். அங்கிருந்து தளர்வாகப் பின்னி ஒரு தோள் வழியாக முன்னால் எடுத்துவிடு. கறுப்பு கவுனில் சுருட்டை முடிச் சடை கொஞ்சம் உப்பலாகக் கிடப்பது அவ்வளவு அழகு, மீன்வால் பின்னல் என்றால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் இவ்வளவு அடர்த்தியில் அதைப் பின்ன நேரம் பிடிக்கும், பொறுமை இருந்தால் பார்.

எந்தத் தோள் என்பதற்குத் தொப்பிப் பலகையிலிருந்து தொங்கும் குஞ்சத்தைப் பார்க்கவேண்டும். குஞ்சத்தை முதலில் வலப்பக்கம் விட்டு, பட்டம் வாங்கியதும் இடப்பக்கம் மாற்றும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உன் கல்லூரியிலும் அப்படியென்றால் கடைசிப் படங்களில் குஞ்சம் இடப்பக்கம்தான் இருக்கும், சடையை வலத் தோளில் போடு. இரண்டும் ஒரே பக்கம் கிடந்தால் சிக்கிக்கொள்ளும், படத்திலும் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி தெரியும். பெரிய ஜிமிக்கியிலும் குஞ்சம் மாட்டும், சின்னக் கம்மல் போதும்.

நழுவாமல் நிற்க வைப்பதுதான் உன் உண்மையான பயம், அதை விவரமாகச் சொல்கிறேன். எண்ணெய் தேய்ப்பதாக இருந்தால் இரண்டு நாள் முன்னாடியே தேய்த்துவிடு. தலைக்குக் குளிப்பது முந்தின நாள், அன்று காலையில் வேண்டவே வேண்டாம். அப்போதுதான் குளித்த முடி வழவழவென்று இருக்கும், எண்ணெய் முடியும் அப்படித்தான், எந்த ஹேர்பின்னும் பிடிக்காது. தொப்பி பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தது, எண்ணெய்க் கறையோடு திருப்பிக் கொடுப்பதும் நன்றாக இராது. காலையில் முன்முடியை வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் நெற்றியோரத்திலிருந்து காதுக்கு மேலே தலையோடு ஒட்டினாற்போல் மெல்லிய பின்னல் ஒன்று பின்னி, பிடரிக்குக் கொண்டுபோய்ப் பெரிய சடையோடு சேர்த்துவிடு. பார்க்கவும் அழகு, ஆனால் நான் இதைச் சொல்வது வேறு காரணத்துக்காக. பின் குத்த ஒரு பிடிமானம் வேண்டும், வெறும் முடியில் குத்தினால் வழுக்கும், பின்னலுக்குள் குத்தினால் அசையாது.

பாபி பின்னில் ஒரு பக்கம் நேராகவும் ஒரு பக்கம் அலைஅலையாகவும் இருக்கும், அலை உள்ள பக்கம் தலையைப் பார்த்து இருக்கவேண்டும். நிறையப் பேர் தலைகீழாகக் குத்திவிட்டு, ஹேர்பின் நிற்கவில்லை என்பார்கள். தொப்பியின் உள்விளிம்புத் துணியையும் அந்த மெல்லிய பின்னலையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி காதுக்கு மேலே பக்கத்துக்கு இரண்டு பின், பெருக்கல் குறி போல ஒன்றின்மேல் ஒன்று. பின்னால் ஒன்று. மொத்தம் ஐந்து, அதற்குமேல் குத்தினால் தலைவலிதான். உள்ளே வழவழத் துணி வைத்த தொப்பி என்றால் கறுப்புப் பருத்தி ஹேர் பேண்ட் ஒன்றை முதலில் போட்டு அதன்மேல் தொப்பியை வை, துணியும் துணியும் உரசி நிற்கும். ஹிஜாப் போடும் தங்கைகளுக்கும் இதே வழிதான், உள்ளே பருத்தித் தொப்பி, மேலே வழுக்காத துணியில் ஹிஜாப், கொண்டையைப் பிடரிக்கு இறக்கிவிடுங்கள்.

அளவு இன்னொன்று. அடர்த்தியான முடிக்காரி நீ, பின்னிய பிறகு தலைச் சுற்றளவு கூடும். தொப்பி கொடுக்கும்போது முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அளவு பார்க்காதே, நிகழ்ச்சிக்குப் பின்னுகிற மாதிரியே பின்னிக்கொண்டு போய்ப் பார்த்து வாங்கு. பின்பக்கம் எலாஸ்டிக் இருந்தால் எலாஸ்டிக் பின்னாலேயே வரவேண்டும், அவசரத்தில் திருப்பிப் போட்டுவிடுவார்கள். வீட்டில் ஒரு தட்டையான அட்டையைத் தலையில் வைத்து, குனிந்து, மாடிப்படி ஏறி இறங்கிப் பார், மேடையில் அதைத்தானே செய்யப்போகிறாய்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே, உட்கார்ந்தால் தலையில் ஒரு பருத்தித் துண்டைச் சுற்றிக்கொள். திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழக மேடையில் பட்டம் வாங்கப் போகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயின் பலத்த காற்றையும் தாண்டவேண்டும், அவர்கள் சடையை மட்டும் பின்னிக்கொண்டு போய், பக்கப் பின்னல்களை அங்கே போய்ப் போட்டுக்கொள்வது நல்லது. பையில் ஐந்தாறு பின், இரண்டு ரப்பர் பேண்ட், பெரிய பல் சீப்பு இருக்கட்டும். படமெடுக்கத் தொப்பியைக் கழற்றும்போது நெற்றியோரம் அழுந்திய கோடு தெரியும், விரல் நுனியை ஈரப்படுத்தி வேர்ப்பக்கம் மெதுவாகத் தேய்த்துவிட்டால் சுருட்டை முடி தானே எழும்பிவிடும்.

இனி பிச்சிப்பூ. வைக்கலாம், கண்டிப்பாக வை. தோவாளைப் பூச்சந்தையை இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு துணிப்பூ வைக்கவேண்டிய அவசியம் நமக்கு இல்லை. வழக்கமாக வைப்பதுபோல உச்சிக்குக் கீழே பின்மண்டையில் தொங்கவிட்டால் தொப்பி நசுக்கிவிடும், நசுங்கிய பிச்சி கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும். சடை தொடங்குகிற பிடரி முடிச்சைச் சுற்றி ஒரு சுற்று, மிச்சத்தைச் சடையோடு சேர்த்து முன்தோளில் தெரிகிற மாதிரி இறக்கிவிடவேண்டும், முழம் ஒன்றரை போதும். விரிந்த பூ வாங்காமல் மொட்டாக வாங்கச் சொல். காலையில் இளஞ்சிவப்பு படர்ந்த மொட்டாகவே மேடையேறும், சாயங்காலம் வீட்டில் எல்லோரோடும் படமெடுக்கும் நேரத்துக்கு விரிந்து மணக்கும். பூக்கடையில் தண்ணீர் தெளித்துத்தான் கொடுப்பார்கள், வாழைநாரும் ஈரமாக இருக்கும், நன்றாக உதறித் துணியில் ஒற்றி எடுத்தபிறகு வை, இல்லையென்றால் வாடகைக் கவுன் கழுத்தில் ஈரம் ஊறும். கொண்டை ஊசியால் மேலிருந்து குத்தாமல் கீழிருந்து மேலாகக் குத்தினால் தொப்பியின் விளிம்பு தட்டாது. அம்மாவும் நிகழ்ச்சிக்கு வருகிறார் என்றால் பூவை வாழையிலையில் பொதிந்து கொண்டுபோய், தொப்பி போட்டு முடித்தபிறகு கல்லூரியிலேயே அவர் கையால் வைக்கச் சொல்.